சோலருக்குப் போட்ட மாலை

எனக்கென்று ஒரு சுவிட்ச் வேண்டும் என்ற ஆசை எனக்கு நாற்பத்தாறு வயதில் வந்தது. அந்த வயதில் மற்றப் பெண்களுக்குக் கதிர்காமம் போக வேண்டும், இரண்டு பவுனில் ஒரு சங்கிலி போட வேண்டும் என்றெல்லாம் ஆசை வருமாம். எனக்குச் சுவிட்ச். நான் தட்டினால் எரிய வேண்டும், நான் தட்டினால் அணைய வேண்டும், நடுவில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இவ்வளவுதான் நான் கடவுளிடம் கேட்டது. அவருக்கு அது ரொம்பப் பெரிய விஷயமாகப் பட்டிருக்க வேண்டும், நாலு வருஷம் காக்க வைத்தார்.

அந்த நாலு வருஷமும் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டிய லயத்தில், அண்ணன் வீட்டில் இருந்தேன். அதற்கு முன் எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்து முடிந்திருந்தது. எழுதுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. பிறகு பட்டிப்பொலவில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு பங்களாவில் சமையல் வேலை. அதையும் ஒருநாள் இழுத்து மூடினார்கள். நான் என் மிதி தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தேன். இஸ்தோப்பு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டு வாசலுக்கும் மழைக்கும் நடுவே இருக்கும் ஒரு துண்டு இடம். அதில் என் மெஷின், நான், அண்ணியின் விறகுக்கட்டு மூவரும் குடியிருந்தோம். விறகுக்குத்தான் வசதி அதிகம்.

அண்ணி கொழுந்து பறிக்கிறவர். விடிய, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும் என்பதால் எட்டு மணிக்கெல்லாம் படுக்கை. எட்டு அடித்ததும் உள்ளேயிருந்து குரல் வரும்.

"எட்டு மணியாச்சு. அமத்தவா? கரன்ட் என்ன ஆத்துத் தண்ணியா?"

'அமத்தவா' என்பது கேள்வி. ஆனால் நான் பதில் சொல்வதற்குள் லைட் அணைந்துவிடும். ஊசி துணியில் பாதி இறங்கியிருக்கும். நாலு வருஷத்தில் ஒருநாள்கூட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அண்ணி கெட்டவர் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சொன்னவர்கள் எல்லாம் அவரவர் வீட்டில், அவரவர் லைட்டின் கீழ் உட்கார்ந்துதான் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய பங்களாக்காரரிடமிருந்து போன் வந்தது. பங்களாவை விற்றுவிட்டாராம். டர்பன்டைன் மரத்தடியில் ஒரு கரவன் நிற்கிறதே, வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற சின்ன வீடு, வாங்குகிறவருக்கு அது வேண்டாமாம். "இழுத்துட்டுப் போக முடியும்னா உனக்குத்தான்" என்றார். நான் பத்து வருஷம் கூட்டித் துடைத்த வண்டி அது. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு ஜன்னல். அண்ணனுக்குத் தெரிந்த மரக்கறி லொறிக்காரர் ஒருவர் பின்னால் கொளுவி, நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் என்று ஊர்வலமாக இழுத்து வந்தார். தலவாக்கலை பஸ் ஹோல்டில் நின்ற ஓர் அம்மா கரவனுக்குக் கை காட்டினார். நிறுத்தாமல் போனதற்கு ஏசினார். என் வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளி அவர்தான் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

கரவனில் எனக்கு இருந்த பெரிய கவர்ச்சி அதன் சக்கரம். தோட்டத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடு கட்டுவதென்றாலும் துரையிடம் கேட்க வேண்டும். துரை என்றால் தோட்டத்து மெனேஜர். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் கிடந்தவர்கள் நாங்கள், ஆனால் அதில் ஓர் ஆணி அடிக்க வேறொருவர் தலையாட்ட வேண்டும். கரவனோ கட்டடம் இல்லை. மறுநாள் காலையிலேயே தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து நின்றார்.

"என்ன இது? யாரக் கேட்டுக் கட்டுனீங்க?"

"கட்டலீங்க ஐயா. நிப்பாட்டியிருக்கோம்" என்றேன்.

அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். அண்ணன் விடியற்காலையே சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து வைத்திருந்தார், அவர் வாழ்க்கையில் நேரத்துக்குச் செய்த ஒரே வேலை. "தொரைக்கிட்டச் சொல்றேன்" என்று ஐயா போனார். துரையிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லாதவரை இருந்துகொள்ளலாம் என்பதுதான் தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரே சட்டம்.

கரன்ட் எடுக்க மட்டும் வழியில்லை. அதற்குத் தோட்டத்துக் கடிதம் வேண்டும். ஆபீஸில் கிளாக்கரையா அன்பாகத்தான் பேசினார். "வீட்டுக்குன்னா கடிதம் கேக்கலாம். வாகனத்துக்குக் கரன்ட் கேட்டா நான் என்னன்னு எழுதுறது?" நியாயம்தான். வீடு இல்லை என்று சொல்லித் தப்பித்தவள் வீட்டுக்குரிய கரன்ட்டைக் கேட்கக் கூடாது. அப்படித்தான் நான் சோலருக்கு வந்து சேர்ந்தேன்.

ஹட்டன் டவுனில் பெட்டரிக் கடை வைத்திருந்த சிங்கள முதலாளி நல்ல மனிதர். என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு சுவிட்ச் வேண்டும், அதற்குத் தேவையான மற்றச் சாமான்களும் வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். வெயிலைக் குடிக்கும் பெனல் ஒன்று, அரைக்கதவு அகலம். அது குடித்ததைச் சேர்த்து வைக்கப் பெட்டரி. இரண்டுக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பண்ண, உள்ளங்கை அளவில் ஒரு கண்ட்ரோலர். ஒரு பியூஸ், வயர், இரண்டு எல்ஈடி பல்ப்.

"நங்கி, மொதல்ல பெட்டரி கொளுவுங்க. பொறகுதான் பெனல். மாத்திப் போட்டா கண்ட்ரோலர் செத்துப் போகும்" என்றார். "பெனலுக்கு மேல ஒண்ணும் படக் கூடாது. எல விழுந்தா தட்டுங்க, காக்கா எச்சம் விழுந்தா தொடைங்க. ஹரித?"

நங்கி என்றால் தங்கச்சி, ஹரித என்றால் சரியா. நானும் ஹரி என்றேன். சுவிட்ச்சை மட்டும் நானே தேர்ந்தெடுத்தேன். ஐந்தாறைத் தட்டித் தட்டிப் பார்த்து, சத்தம் நன்றாகக் கேட்கிற ஒன்றை எடுத்தேன். அணைப்பது நான்தான் என்று நாலு பேருக்குக் கேட்க வேண்டாமா?

ஆயுத பூசைக்கு முதல்நாள்தான் வேலையைத் தொடங்கினோம். தொடங்கினோம் என்பது மரியாதைக்கு. அண்ணன் ஒருமுறை கோயில் திருவிழாவில் பியூஸ் மாற்றியவர். அதிலிருந்து மின்சாரம் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு என்று அவரே முடிவு செய்திருந்தார். "நீ செய், நான் பாத்துக்கிறேன்" என்று கையில் தேத்தண்ணியோடு நின்று, கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் பீப்பாயைக் கவிழ்த்து ஏறி, கூரையில் பெனலை வாசல் பக்கம் கொஞ்சம் சரித்து நான்கு கிளிப்பில் முடுக்கினேன். ஆணி போன ஓட்டைகளுக்குப் பசை அடைத்தேன். சிவப்பும் கறுப்புமாக வயரைக் கூரைத் துவாரத்தால் உள்ளே இறக்கினேன். பெட்டரியைக் கட்டிலுக்கடியில் மரப்பெட்டியில் வைத்து, அதன் வயரில் பியூஸைப் போட்டேன். முதலில் பெட்டரி, பிறகு பெனல். அதற்குள் மூடுபனி இறங்கி நன்றாக இருட்டிவிட்டது. சூரியன் இல்லாத நேரத்தில் சோலர் பூட்டி முடித்த பெருமை எனக்கே உண்டு.

மறுநாள் பூசை. எங்கள் பக்கம் அன்றைக்கு உழைக்கிற சாமான் எல்லாம் சாமி. அண்ணனின் கவ்வாத்துக் கத்தி, தேயிலையைக் குறுக வெட்டுகிறது அது, கழுவிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அண்ணியின் கொழுந்துக் கூடை, என் மெஷின், கத்தரிக்கோல், அளவு நாடா. நாடாவுக்குக்கூட ஒரு பொட்டு. எல்லாம் முடிந்து கற்பூரம் காட்டப் போகையில் எனக்குத்தான் அந்த ஞானம் பிறந்தது.

"சோலருக்கு?"

"அதும் ஆயுதந்தான" என்றார் அண்ணன்.

மெஷினுக்கென்று ஹட்டனில் ஒரு சாமந்தி மாலை வாங்கி வைத்திருந்தேன். கைத்தடிமனில் நல்ல மாலை. அதை எடுத்தபோது அண்ணி மட்டும், "மெஷினுக்கு வாங்குனத அதுக்கு ஏன் போடுற?" என்றார். புதிதாக வந்தவருக்குத்தான் மரியாதை அதிகம் செய்ய வேண்டும் என்று நான் பதில் சொன்னேன். பீப்பாயில் ஏறினேன். நாலு மூலைக்கும் நடுவுக்கும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மேலே இருந்த இரண்டு கிளிப்பிலும் மாட்டி மாலையைப் பெனலின் குறுக்கே வளைத்துத் தொங்கவிட்டேன். இறங்கி நின்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. பிறகு உள்ளே போய் எல்லோர் முன்னாலும் சுவிட்ச்சைத் தட்டினேன். டக்கென்று சத்தம். லைட் எரிந்தது. அண்ணன் கை தட்டினார். கடையிலேயே பெட்டரியில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது என்பதும், நாங்கள் கை தட்டியது அந்த முதலாளிக்குத்தான் என்பதும் அப்போது தெரியாது.

அன்றே மெஷினைக் கரவனுக்கு மாற்றினேன். தீபாவளி வரப்போகிறது. தையற்காரிக்கு வருஷத்தில் இருக்கிற ஒரே அறுவடை அது. லயத்துப் பெண்கள் பாதிப் பேர் துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். "இனி ராவுக்கும் தைப்பேன்" என்று வாய் கிழியச் சொல்லி வாங்கி வைத்தேன். இது நடக்காவிட்டால் மெஷினோடு மறுபடி விறகுக்கட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், அதன்பின் சாகிறவரை எட்டு மணிதான் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மாலை ஐந்தரைக்கு, ஒரு சட்டையின் கைக்குழியில் ஊசி இறங்குகையில், கண்ட்ரோலர் 'டிக்' என்றது. லைட் போனது. நான் தட்டாமலே.

அடுத்த நாட்களில் அந்தக் கரவனுக்குள் நடந்தது ஆராய்ச்சி. போனில் வீடியோ போட்டுப் பார்த்து ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பூட்டினேன். பியூஸ் மாற்றினேன். பெட்டரி முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கண்ட்ரோலரில் வெயில் ஏறும்போது ஒரு சூரியப் படம் கண் சிமிட்ட வேண்டும் என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். என் சூரியன் சிமிட்டவே இல்லை. காலையில் நல்ல வெயில், மூக்கு நுனி சுடுகிற வெயில், அப்போதும் இல்லை. அண்ணன் தினம் ஒரு காரணத்தோடு வந்தார். முதல்நாள், மூடுபனி. இரண்டாம் நாள், எர்த் இல்லை. மூன்றாம் நாள், "இது பாலைவனத்து வெயிலுக்குச் செஞ்ச சாமான். நம்ம வெயில் இதுக்குப் பத்தாது." வயரையும் பெட்டியையும் தலைகீழாகப் பார்த்த நாங்கள் இரண்டு பேரும் ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. மேலே இருப்பது பூசை செய்த பொருள். அதில் என்ன கோளாறு இருக்கப் போகிறது?

கோளாறு மனிதரில்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. மாலையைப் போடாதே என்றவர் யார்? நான் போனால் அதட்ட ஆளில்லாமல் போகிறவர் யார்? அதற்கு அடுத்த நாள் காலையில் அண்ணி கூடையோடு பெரட்டுக்குக் கிளம்புகையில் வழியை மறித்தேன்.

"ஒங்களுக்கு நான் தனியாப் போனது புடிக்கல. வயித்தெரிச்சல். ஒங்க கண்ணு பட்டுத்தான் இது எரியல. சுவிட்ச் ஒங்க கையிலயே இருக்கணும், அதான?"

இன்னும் சொன்னேன். அதை எழுத எனக்கு இப்போது கை வரவில்லை. அண்ணி என்னைப் பார்த்தார். கூடையின் கயிற்றை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மலையேறிப் போய்விட்டார். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், இரண்டு பேருக்கும் லேசாக இருந்திருக்கும். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நாலு மணி வெளிச்சம் வரைக்கும் தைத்தேன். அதன்பின் துணி மூட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க எந்த வீட்டிலிருந்து தொடங்கலாம் என்று யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. காலை வெயிலில் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கூரையில் ஏதோ உரசுகிற சத்தம். காகம் என்று நினைத்தேன். தலையைத் தூக்கியபோது கண்ட்ரோலரில் சூரியன் சிமிட்டியது. மறுபடி சிமிட்டியது. நான் எண்ணெய்க் குப்பியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

பீப்பாய் மேல் அண்ணி நின்றார். ஒரு கையில் அந்த மாலை. மறு கையில் ஈரச் சேலைத் தலைப்பு. பெனலின் நடுவில் காய்ந்து கிடந்த சந்தனத்தைச் சுரண்டித் துடைத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. "வாடுன மாலையத் தொங்க விட்டா இருக்கிற எடத்துக்கு ஆகாது. அதான் எடுத்தேன். இதுக்கும் எதாச்சும் சொல்லப் போறியா?"

நான் பெனலையும் அவர் கையிலிருந்த மாலையையும் மாறி மாறிப் பார்த்தேன். பெனலுக்குள் இருக்கும் கட்டங்கள் எல்லாம் வரிசையில் கோத்தவை. மலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் கொழுந்து சுமந்து இறங்குகையில் நடுவில் ஒருத்தி நின்றால் பின்னால் வருகிறவர்கள் எல்லாம் நிற்க வேண்டியதுதானே, அப்படித்தான் அதுவும். நான் ஒரு கட்டத்தை இல்லை, குறுக்கே ஒரு வரிசையையே சாமந்தியால் மூடி வைத்திருந்தேன். செத்தவர் படத்துக்குப் போடுவதுபோல் மாலை போட்டுவிட்டு, ஏன் உயிர் இல்லை என்று ஊரைக் கேட்டிருக்கிறேன். கீழ்நாட்டில் என்றால் அந்தப் பூ இரண்டு நாளில் சருகாகிக் காற்றில் போயிருக்கும். எங்கள் குளிரில் அது வாடியும் உதிராமல் ஒரு வாரமாக அப்படியே கிடந்தது. முதலாளி இலை என்றார், காக்கா எச்சம் என்றார். சாமந்தி என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று. அண்ணி பீப்பாயிலிருந்து இறங்கி, மாலையைத் தேயிலை அடியில் போட்டுவிட்டு, "வேல கெடக்கு" என்று போனார். எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தில் வந்த அழுகை.

அதன்பின் லைட் ஒழுங்காக எரிந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து வெயில் இல்லை. மாலை ஐந்தரைக்குக் கதவு தட்டுகிற சத்தம். அண்ணி, தலையில் மழைக்குப் போட்ட படங்குத் துண்டு, கையில் ஒரு பொட்டலம். அரக்கு நிறத்தில் சட்டைத் துணி. லயத்தில் எல்லோரும் கொடுத்து முடித்தபிறகு, கடைசி ஆளாக.

"டவுன்லயும் தைக்க நேரமில்லங்கிறாங்க" என்றார். டவுனுக்கு அவர் போகவே இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அளவெடுத்தேன், வெட்டினேன், தைக்கத் தொடங்கினேன். கண்ட்ரோலரில் பெட்டரிக் கோடு மூன்றிலிருந்து இரண்டானது. இரண்டு ஒன்றானது. என் கண் துணியில் இல்லை, அந்தக் கோட்டில்தான் இருந்தது. நாளைக்கும் மழை என்றால்? இன்னும் மூன்று சட்டைக்குப் பட்டன் வைக்க வேண்டுமே? என் கை தானாகச் சுவிட்ச்சுக்குப் போனது. என் வாயும் தானாகப் பேசியது.

"ஏழு மணியாச்சு. அமத்தவா? பெட்டரி என்ன ஆத்துத் தண்ணியா?"

டக்கென்று சத்தம் நன்றாகவே கேட்டது.

இருட்டில் மழைச் சத்தம் மட்டும். அண்ணி பதில் சொல்வதற்குள் அணைத்துவிட்டேன் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நாலு வருஷம் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவர் உட்கார்ந்திருந்தார்.

"இப்பத் தெரியுதா?" என்றார் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை.

"தெரியுதுங்க அண்ணி" என்றேன். நான் சொன்ன வார்த்தைகளுக்கெல்லாம் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். முகம் தெரியாத இருட்டில் அது சுலபமாகத்தான் இருந்தது. பிறகு லைட்டைப் போட்டு, கோட்டைப் பார்க்காமல், அவர் சட்டையைத் தைத்தேன். கடைசிக் கொக்கி வைக்கையில் கண்ட்ரோலர் 'டிக்' என்று தானே அணைத்துக்கொண்டது. அண்ணியைவிடக் கஞ்சன் அது. அந்தக் கொக்கியை இருட்டில் தடவித்தான் தைத்தேன்.

அது கோணலாக இருக்கிறது. கழற்றித் தாருங்கள், நேராக்கித் தருகிறேன் என்று பல தடவை கேட்டுவிட்டேன். அண்ணி தரவில்லை. அந்தச் சட்டையைத்தான் தீபாவளிக்கும் போட்டார், கோயிலுக்கும் போடுகிறார்.